வயர் செருகியிருக்கிறது, இணைப்பு இல்லை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

செண்பகவல்லி அறந்தாங்கி போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டேன். ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் திருச்சியே காவிரிப் பக்கம் சாய்ந்து கிடந்தது, ஆனால் அறந்தாங்கி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. பெரிய பெட்டி எடுத்துப் போயிருக்கிறாள். சில நாளைக்குப் பெரிய பெட்டி எதற்கு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. தூக்கி மேலே வைத்துவிட்டு இறங்கினேன்.

விவரத்தை எழுதி வைத்துவிடுகிறேன், பின்னால் யாராவது என்னைக் குற்றம் சொன்னால் காட்டலாம். செண்பா வங்கியில் வேலை பார்க்கிறாள். மேலாளராகப் பதவி உயர்வு வந்திருக்கிறது, அறந்தாங்கிக் கிளைக்கு. மூன்று வருடம் அங்கேதான் இருக்க வேண்டும். வேண்டும் அல்லது வேண்டாம் என்று இருபதாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்கணும். அங்கே இருந்த மேலாளர் ஓய்வு பெற்றுவிட்டார், அதனால் அதுவரைக்கும் பொறுப்பாகப் போய் உட்காரச் சொல்லிவிட்டார்கள். இதற்கு முன்னால் இரண்டு தடவை வந்ததை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவள் அவள். முதல் தடவை மகள் இளவேனிலுக்கு ப்ளஸ் டூ. அடுத்த தடவை எனக்கு முதுகில் ஆபரேஷன். இப்போது மகள் புனேயில் வேலைக்குப் போய்விட்டாள். என் முதுகும் நன்றாக இருக்கிறது.

போன வாரம் சாப்பிடும்போது, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். "உன் இஷ்டம்" என்றேன். ஒரு மனுஷன் இதைவிடப் பெருந்தன்மையாக வேறு என்ன சொல்ல முடியும்? அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சு வரவில்லை.

கிளம்பும் முன் எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் கிளறி வைத்திருந்தாள். மதியம் எலுமிச்சை, இரவு தேங்காய். நடுவில் கல்யாணப் பத்திரிகை இரண்டு முடித்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் லினக்ஸைத் திறந்தால் இணையம் இல்லை.

என் வேலை முறை இது. வீட்டில் உட்கார்ந்து பக்கம் வடிவமைக்கிறேன். காலையில் லினக்ஸ்: மெயில், பதிப்பகத்துக்காரர்களின் புத்தகங்கள், மரியாதையான எழுத்துரு. மதியத்துக்கு மேல் அதே கணினியில் விண்டோஸ்: அச்சகத்து அருளப்பனின் கல்யாணப் பத்திரிகைகள். அவருக்குப் பழைய சாஃப்ட்வேரில், பழைய எழுத்துருவில் செய்தால்தான் ஆகும். புதுசில் செய்து கொடுத்தால் மணமகன் பெயர் கட்டம் கட்டமாக வருகிறது என்பார். இரவில் விண்டோஸை மூடிவிட்டுப் படுப்பேன். ஆறு வருடமாக இப்படித்தான் நடக்கிறது, ஒரு நாளும் பிசகியதில்லை.

வயர் செருகியிருக்கிறது. ஆனால் வயர் நுழையும் இடத்தில் எரிய வேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை. வயர் போய்ச் சேர்கிற நெட்வொர்க் கார்டு இருக்கிறதா என்று லினக்ஸிடம் கேட்டேன். இருக்கிறது என்றது. கார்டை ஓட்டுகிற நிரல், ட்ரைவர், ஏறியிருக்கிறதா என்று கேட்டேன். ஏறியிருக்கிறது என்றது. பின்னே ஏன் இணைப்பு இல்லை என்று கேட்டேன். வயர் செருகப்படவில்லை என்றது. பொய்.

வயரை மாற்றினேன். மோடத்தில் வேறு ஓட்டையில் செருகினேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். விண்டோஸுக்குப் போய்ப் பார்த்தால் அங்கே ஜம்மென்று இணையம் வருகிறது. ஆக வயர் குற்றமில்லை, மோடம் குற்றமில்லை, கார்டும் குற்றமில்லை. சனிக்கிழமை லினக்ஸுக்கு அப்டேட் போட்டிருந்தேன். அதில் புதுக் கெர்னல், அதாவது லினக்ஸின் மூளை, வந்திருக்கிறது. அதில்தான் ட்ரைவர் கெட்டிருக்க வேண்டும்.

குற்றவாளி யார் என்று தெரிந்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எங்கள் லினக்ஸ் குழுவில் செய்யது இப்ராகிம் என்று ஒரு பையன். பையன் என்றால் நாற்பது வயது இருக்கும். காயல்பட்டினத்துக்காரன், வீட்டிலிருந்தே ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். குழுவில் யாருக்கு எது ஓடாவிட்டாலும் அவனைத்தான் பிடிப்பார்கள். போன் போட்டேன்.

"பழைய கெர்னல்ல போட்டுப் பாருங்கண்ணே" என்றான். பார்த்தேன். அதிலும் இல்லை.

"அப்ப கெர்னல் இல்ல. ஒண்ணு செய்ங்க. சின்னதா வைஃபை குச்சி ஒண்ணு வாங்கிச் செருகிடுங்க. வேலை ஓடும்."

"வேலை ஓடறது வேற, இது சரியாகறது வேற, தம்பி."

பல் வலி என்று போனவனிடம் கஞ்சி குடியுங்கள் என்று சொல்கிற வைத்தியம் இது. வயர் இருக்கிறது, கார்டு இருக்கிறது, நான் ஏன் குச்சி வாங்க வேண்டும்?

செண்பா கூப்பிட்டாள். அங்கே லேடீஸ் ஹாஸ்டலில் அறை கிடைத்திருக்கிறதாம். சாப்பாடு பரவாயில்லையாம். கிளையில் நாலு பேர்தானாம். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"படுக்கறதுக்கு முன்னாடி சுவிட்சையெல்லாம் அணைக்கிறீங்களா?"

"அணைக்கிறேன்."

"கம்ப்யூட்டரு?"

"அணைக்கிறேன்னு சொன்னேன்ல."

அணைக்கவில்லை. தினமும் படுக்கப் போகும் முன் டிவி, மிக்ஸி, வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் என்று வீடு முழுக்கச் சுவர் சுவிட்சுகளைத் தட்டிக்கொண்டே வருவது அவள் பழக்கம். ஒழுங்காக மூடிய கம்ப்யூட்டரை மறுபடி எதற்கு அணைப்பது? கல்யாணமான நாளிலிருந்து நடக்கிற வழக்கு இது.

ஆகஸ்ட் 6, புதன்

கார்டு தயாரித்தவர்களின் தளத்தில் தனி ட்ரைவர் கிடைக்கிறது. விண்டோஸுக்குப் போய் இறக்கி, லினக்ஸுக்கு வந்து நிறுவப் பார்த்தேன். அதை என் கணினிக்கு ஏற்றபடி கட்டுவதற்குச் சில கருவிகள் வேண்டும் என்றது. கருவிகளை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு ட்ரைவர் வேண்டும். ட்ரைவருக்குக் கருவிகள் வேண்டும். இந்த வட்டத்தில் மதியம் வரை சுற்றினேன். கடைசியில் இப்ராகிம் சொன்னபடி போனை வயரில் மாட்டி, போன் இணையத்தில் கருவிகளை இறக்கினேன்.

போன் வழியாகவே வேலை பார்த்துவிட்டுப் போகலாமே என்று இப்ராகிம் கேட்டான். நம் வீட்டுக்குள் நாமே கொல்லைப்பக்கம் வழியாக வருவதா என்று கேட்டேன். சிரித்தான். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

துவரம்பருப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. ரசம் மட்டும் வைத்தேன். ரசத்துக்கும் பருப்பு வேண்டுமாம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ட்ரைவர் ஏறியது. இணைப்பு இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வேறு பதிப்பு ட்ரைவர் இருப்பதாக ஒரு ஜெர்மன்காரர் 2019-ல் இணையத்தில் எழுதியிருக்கிறார். விண்டோஸுக்குப் போய் அதை இறக்கி வந்தேன். கட்டும்போது பிழை பிழை என்று சிவப்பில் முப்பது வரி ஓடியது. ஜெர்மன்காரரும் கடைசியில், "எனக்குச் சரியாகிவிட்டது, நன்றி" என்று மட்டும் எழுதியிருக்கிறார். எப்படிச் சரியானது என்று எழுதவில்லை. இந்த மாதிரி ஆட்களையெல்லாம் என்ன செய்தால் தகும்?

சாயங்காலம் செண்பா கூப்பிட்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சொல்லு. அதுக்கு முன்னாடி ஒரே நிமிஷம், இங்க என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்து, கார்டு, கெர்னல், ஜெர்மன்காரர் எல்லாவற்றையும் சொன்னேன். 'ம்', 'ம்' என்று கேட்டுக்கொண்டாள். அவள் எப்போதும் பொறுமையாகக் கேட்பாள். முடித்துவிட்டு, "நீ என்னமோ சொல்லணும்னியே?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. அப்புறம் சொல்றேன். ஞாயித்துக்கிழமை இங்க வரீங்களா? சும்மா ஊரப் பாத்துட்டுப் போலாம்."

"இது முடியட்டும் செண்பா. பாதியில விட்டுட்டு வந்தா கை ஓடாது. சரியானதும் வரேன்."

"சரி" என்றாள்.

அவள் இந்த வாரம் வருவாளா என்று நான் கேட்கவில்லை. சனி ஞாயிறு என்றால் வீட்டுக்கு வருவது வழக்கம்தானே, அதைத் தனியாக வேறு கேட்க வேண்டுமா?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வரவில்லை.

எதிர்வீட்டு பிலோமினா டீச்சர் கோயிலிலிருந்து வரும்போது, "மேடம் எப்ப வராங்க சார்?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுத்து எடுத்து அவருக்கு அது பழகிவிட்டது. "ஆடி முடிஞ்சதும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன். ஆடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அருளப்பனுக்கு ஐந்து பத்திரிகை முடித்தேன். ஆவணி முகூர்த்தம் என்று ஊரே கல்யாணம் செய்கிறது. 'இருமனம் இணையும் திருமணம்' என்று ஐந்து தடவை அடித்தேன். ஐந்தாவது தடவை எரிச்சலாக வந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

மகள் கூப்பிட்டாள். "அப்பா, அம்மாகிட்ட பேசினியா?"

"தினமும் பேசறேனே."

"என்ன பேசினே?"

நெட்வொர்க் கார்டு பற்றி என்றேன். "இந்தத் தடவையும் அம்மா வேண்டாம்னு எழுதிக் குடுத்தா நான் உன்கூடப் பேசமாட்டேன்" என்றாள்.

"நான் எங்கேம்மா வேண்டாம்னு சொன்னேன்? அவ இஷ்டம்னுதானே சொன்னேன்."

"அதான்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதான் என்றால் என்ன? இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாதி வாக்கியத்தில் போனை வைத்துவிடுகிறார்கள்.

போன தலைமுறை ட்ரைவர் ஒன்றைக் கட்டி ஏற்றினேன். மூன்றாவது இது. சிவப்பு வரி எதுவும் வரவில்லை. மறுபடி திறந்து பார்க்கும் முன் அருளப்பன் பத்திரிகையில் திருத்தம் என்று வந்து உட்கார்ந்துவிட்டார். பெண்ணின் தாய்மாமன் பெயர் விட்டுப்போய்விட்டதாம், கல்யாணமே நின்றுவிடும் என்கிறார். விண்டோஸுக்குப் போய்த் தாய்மாமனைச் சேர்த்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாதாந்திரப் பராமரிப்பு. காலையிலிருந்து கரண்ட் இல்லை. மின்விசிறிக்கு மட்டும் இன்வெர்ட்டர், கம்ப்யூட்டருக்குக் கிடையாது. பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அலமாரியைத் துடைத்தேன். துவரம்பருப்பு கிடைத்தது, 'ரவை' என்று எழுதிய டப்பாவில்.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் லினக்ஸைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது.

இணையம் வந்துவிட்டது. நேற்று ஏற்றிய மூன்றாவது ட்ரைவர் வேலை செய்கிறது. சொன்னேன் அல்லவா, ட்ரைவர்தான் என்று. இப்ராகிமுக்குச் செய்தி அனுப்பினேன். வைஃபை குச்சி வாங்காமலே சாதித்தேன் என்பதையும் சேர்த்தேன்.

செண்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அப்ப வரீங்களா?" என்றாள் உடனே.

"வெள்ளிக்கிழமை சுதந்திர தினம், உனக்கு லீவுதானே. வரேன்."

"நிஜமாவா?"

அவள் குரல் அப்படி ஏறி நான் கேட்டு ரொம்ப நாளாகிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கார்டு சரியானதால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

காலையில் லினக்ஸில் எல்லாம் ஒழுங்கு. பதிப்பகத்துக்கு இரண்டு புத்தகம் அனுப்பினேன். மதியம் விண்டோஸில் பத்திரிகை. வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்குச் சட்டை இஸ்திரி போட்டு வைத்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

விளக்கு எரியவில்லை.

'மறுபடி போய்விட்டது. நாளை வர முடியாது போலிருக்கிறது' என்று செண்பாவுக்குச் செய்தி அனுப்பினேன். 'சரி' என்று பதில் வந்தது.

மதியம் இப்ராகிம் கூப்பிட்டான். ட்ரைவரை விட்டுவிட்டுப் பேசச் சொன்னான்.

"செவ்வாக்கிழமை புதுசா என்ன நடந்துச்சுண்ணே?"

"மூணாவது ட்ரைவர்."

"அது இன்னிக்கும் அங்கதானே இருக்கு. வேற?"

"வேற ஒண்ணுமில்ல. பகல் பூரா கரண்ட் கட்."

"அப்படிச் சொல்லுங்க. லினக்ஸுக்கு வர்றதுக்கு முன்னாடி விண்டோஸ்லதான் இருந்தீங்களா?"

"தினமும் அப்படித்தானே, தம்பி. ட்ரைவர் இறக்கவே அங்கதான் போனேன்."

பெருமூச்சு விட்டான். விண்டோஸ் மூடும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க நெட்வொர்க் கார்டைத் தூங்கப் போட்டுவிடும் என்றான். சில கார்டுகளை லினக்ஸால் அந்தத் தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாதாம். கணினியை மூடினாலும் சுவரில் சுவிட்ச் போட்டிருக்கிறவரை கார்டுக்குக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், அதனால் தூக்கமும் கலையாது. சுவர் சுவிட்சை அணைத்தால் மட்டும் அது எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து விழிக்கும்.

"மெஷினை மூடிட்டு சுவர்ல ஆஃப் பண்ணுங்க. அரை நிமிஷம் விட்டுப் போடுங்க."

போட்டேன். எரிந்தது.

ஆக, ட்ரைவர் தேடி விண்டோஸுக்குப் போன ஒவ்வொரு தடவையும் நானே கார்டைத் தூங்கப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். பத்து நாளாக.

"ஒண்ணுதான் புரியல" என்றான் இப்ராகிம். "ஆறு வருஷமா இதே மாதிரிதானே ஓட்டுறீங்க? இவ்வளவு நாள் எப்படி வேலை செஞ்சுச்சு?"

தெரியவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தெரியும். தினமும் ராத்திரி அவள் டிவியை அணைத்து, மிக்ஸியை அணைத்து, வாஷிங் மெஷினை அணைத்து, கடைசியில் என் அறைக்கு வந்து இதையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பாள். நான் எரிந்து விழுவேன். அவளுக்குக் கார்டும் தெரியாது, கெர்னலும் தெரியாது. கரண்ட் பில்லுக்காகவும், தீப்பிடிக்குமோ என்ற பயத்துக்காகவும் செய்தாள். அவள் ஊருக்குப் போன மறுநாள் இது நின்றது. நான் பத்து நாளாகக் கெர்னலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நிரந்தரத் தீர்வையும் இப்ராகிம் எழுதி அனுப்பியிருந்தான். விண்டோஸில் கார்டின் அமைப்புகளுக்குள் போய் ஒரு இடத்தில் மாற்றிவிட்டால் போதும், பிறகு யாரும் எந்தச் சுவிட்சையும் அணைக்கத் தேவையில்லை. போய் அந்த இடத்தைத் திறந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்றவில்லை. ஏன் என்று எழுதவும் விருப்பமில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

குழுவில் எல்லோருக்கும் உதவட்டும் என்று எழுதிப் போட்டேன், ஜெர்மன்காரர் மாதிரி இல்லாமல்: 'கார்டு பிரச்சினை தீர்ந்தது. கெர்னலில் குறையில்லை. ட்ரைவரில் குறையில்லை. மனைவி ஊரில் இல்லை.' கீழே விவரம் முழுக்க எழுதினேன்.

பதினோரு பேர் சிரித்து வைத்தார்கள். ஒருவர் தன் வீட்டிலும் அப்படித்தான் என்றார். 'அண்ணி எப்ப வர்றாங்க?' என்று இப்ராகிம் கேட்டிருந்தான். பதில் போடவில்லை.

தெரு முனையில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். நேற்றே எல்லாம் சரியாகிவிட்டது. இன்று நான் பஸ் ஏறியிருக்கலாம். இஸ்திரி போட்ட சட்டை நாற்காலியில் தொங்குகிறது. போகவில்லை. போய் என்ன சொல்வது? கார்டு சரியாகிவிட்டது, அதனால் வந்தேன் என்றா?

எனக்கு வேண்டியது என்ன என்று ஒரு தடவை ஒழுங்காக யோசித்தேன். அவள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நினைப்போடு சமையலறையில் நின்றேன். மூன்றாவது தடவை. அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். மாலையில் வந்து பையை வைத்துவிட்டுத் துவரம்பருப்பை எடுப்பாள், ராத்திரி சுவிட்சுகளை அணைப்பாள். அப்படி ஒருத்தியோடு என்னால் அதற்கப்புறம் முகம் கொடுத்துப் பேச முடியாது.

அவள் வர வேண்டியதில்லை. அவள் இல்லாத இடத்தில்தான் எனக்கு இருக்கப் பிடிக்கவில்லை. இந்த வீடு பிடிக்கவில்லை, என் சமையல் பிடிக்கவில்லை, சாயங்காலங்கள் சுத்தமாகப் பிடிக்கவில்லை. என் வேலைக்கு வேண்டியது ஒரு ப்ளக் பாயின்ட். அறந்தாங்கியிலும் கரண்ட் இருக்கிறது. இது புரிய எனக்கு மூன்று ட்ரைவர் தேவைப்பட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 16, சனி

அருளப்பனிடம் போய்ச் சொன்னேன். அறந்தாங்கி போகிறேன், இனி பத்திரிகைகள் மெயிலில் வரும்.

"எத்தனை நாளைக்கு?"

"மூணு வருஷம்."

மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். "முகூர்த்த சீசன்ல என்னய்யா இது. மேடம் கூப்பிட்டாங்களா?"

"இல்ல."

"பின்ன?"

"நான் போறேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம், "போற எடத்துல பழைய சாஃப்ட்வேர் ஓடும்ல?" என்று கேட்டார். ஓடும் என்றேன். அதோடு அவர் கவலை தீர்ந்தது.

பிலோமினா டீச்சரிடம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவி கொடுத்தேன். "ஆடி முடிஞ்சதும் மேடம் வராங்கன்னீங்க?" என்றார். ஆடி முடிந்ததும் நான் போகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அறந்தாங்கியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மானிட்டரை விட்டுவிட்டு சிபியுவை மட்டும் போர்வையில் சுற்றி எடுத்து வந்தேன். சும்மா கையை வீசிக்கொண்டு போய் நின்று, வந்து இருக்கிறேன் என்று சொன்னால் அவள் நம்பமாட்டாள் என்று தோன்றியது. பஸ்ஸில் மடியில்தான் வைத்திருந்தேன். புதுக்கோட்டை வரை பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். இறங்கும்போது, "குக்கரா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஹாஸ்டலில் ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். கேட்டில் நின்று போன் செய்தேன். கீழே இறங்கி வந்தாள். இரண்டு வாரத்தில் இளைத்தாற்போல இருந்தாள், அல்லது நான் ஒழுங்காகப் பார்த்ததே இப்போதுதானோ என்னவோ.

"சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க. இதென்ன?"

"சிபியு."

"ரிப்பேரா? இங்க யாரு இதெல்லாம் பாப்பா?"

"ரிப்பேர் இல்ல. சரியாயிடுச்சு."

சரியான பொருளை ஏன் மூன்று மணி நேரம் தூக்கி வந்தேன் என்று அவள் கேட்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாங்க, ஒரு எடத்துக்குப் போலாம்" என்றாள். ஆட்டோவில் போகும்போது நான் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன்.

பெருமாள் கோயிலுக்குப் பின்னால் ஒரு தெரு. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சின்ன வீடு. கைப்பையிலிருந்து சாவி எடுத்துத் திறந்தாள். உள்ளே சாமான் எதுவும் இல்லை, சுண்ணாம்பு வாசனை மட்டும்தான். நான் கூடத்தில் நின்றபடி, மனசுக்குள் அடுக்கி வைத்ததைச் சொல்லிவிட்டேன்.

"செண்பா, இந்த வேலைய நீ எடுத்துக்க. மூணாவது தடவையும் வேண்டாம்னு எழுதிக் குடுக்காத. இன்னும் மூணு நாள் இருக்கு."

அவள் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தாள். "எட்டாம் தேதியே எடுத்துக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள்.

"எட்டாம் தேதியா? எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"அன்னிக்கு அதச் சொல்லத்தான் போன் பண்ணேன். நீங்க ட்ரைவர் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தீங்க."

நான் காலிக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன்.

"இந்த வீடு?" என்றேன்.

"வாடகைக்குப் பேசியிருக்கேன். ஆடியில பால் காய்ச்சக் கூடாதுன்னு வீட்டுக்காரம்மா சொன்னாங்க. ஆவணி பொறந்தாச்சு, இந்த வாரத்துல காய்ச்சணும்." உள்ளே போய் இன்னொரு கதவைத் திறந்தாள். சின்ன அறை. தெருப்பக்கம் ஒரு ஜன்னல், மேஜை போடுகிற உயரத்தில் சுவரில் வரிசையாக மூன்று ப்ளக் பாயின்ட். "நாலு வீடு பாத்தேன். அதுல எல்லாம் ரூமுக்கு ஒரு பாயின்ட்டுதான் இருந்துச்சு. உங்களுக்கு ஒண்ணு பத்தாதுல்ல. அதான் இதப் பிடிச்சேன்."

"நான் வருவேன்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"நான் வராமலே இருந்திருந்தா?"

அவள் சுவரில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள்.

"இந்த ரூமைப் பூட்டி வச்சிருப்பேன்" என்றாள்.

ஐம்பத்தாறு வயதில் காலி வீட்டில் நின்று அழுதேன், எழுதுவதில் வெட்கமில்லை. அவள் தேற்றவில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருடத்தில் அவள் கேட்பாள், நான் பதில் சொல்வேன், அல்லது சொல்லாமல் இருப்பேன். நான் அவளிடம் எதையும் கேட்டதாக நினைவில்லை.

"நான் இங்க வந்து உன்கூட இருக்கட்டுமா?" என்று கேட்டேன்.

தெருவில் ஒரு மீன்காரர் கத்திக்கொண்டே போய் மறையும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போர்வை மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன்.

"முதல்ல அதக் கீழ வைங்க" என்றாள். "கை வலிக்கும்."

வைத்தேன்.